முழங்காலுக்கு எந்த ஊசி?

வன்னியின் கிளினிக் வாங்குகளிலே இன்று ஓயாது கேட்கும் வினா இது. ஆராய்ச்சிகள் இதற்குத் தரும் விடையையும், அந்த விடை ஒரு விவசாயக் குடும்பத்துக்கு எவ்வளவு பிரயோஜனப்படும் என்பதையும் ஆராய்கிறது இந்த வாரச் சிறப்புக் கட்டுரை.

கிளிநொச்சிப் பெரியாஸ்பத்திரியின் எலும்பு கிளினிக் வாசலிலே, பொழுது விடிந்து சற்று நேரத்துக்குள் வாங்குகள் நிறைந்துவிடுகின்றன. அக்கராயனிலிருந்தும் தருமபுரத்திலிருந்தும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர்கள், இலக்கத் துண்டைச் சேலைத் தலைப்பிலோ சட்டைப் பையிலோ பத்திரப்படுத்திக்கொண்டு, தத்தம் முறைக்காகக் காத்திருக்கிறார்கள். அறுபது வயதை எட்டும் ஒரு தாயின் இலக்கத்தைத் தாதி கூப்பிடுகிறார். அந்தத் தாய் உடனே எழுந்துவிடவில்லை. இரு கைகளையும் தொடைமீது ஊன்றி, உடம்பை முன்னே சாய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுகிறார். எழுந்த பிறகும் முதல் இரண்டு மூன்று அடிகளைச் சாய்ந்து சாய்ந்து வைத்து, மூட்டு சற்று இளகிய பின்னரே நேராக நடக்கத் தொடங்குகிறார். அவர் விட்டுப்போன இடத்துக்கு நகர்ந்து அமர்ந்தவர் அருகிலிருப்பவரிடம் கேட்கிறார்:

“அக்கா, உங்களுக்கு எந்த ஊசி போட்டவை?”

“இஞ்சை போடுற ஊசிதான் பிள்ளை. போட்டு ரெண்டு மாசம் நல்ல சுகம். பிறகு பழையபடி உளைவுதான்.”

“என்ர மச்சாளுக்கு யாழ்ப்பாணத்திலை, பிரைவேற்றிலை, தன்ர ரத்தத்தையே எடுத்துச் சுத்திப் போட்டவையாம். அது நிண்டு பிடிக்குமெண்டு சொல்லுகினம். காசுதான் கூட.”

வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் இதே சம்பாஷணை நிகழ்கிறது. மருந்துக் குளிசைகள் வயிற்றைப் புண்ணாக்கிவிட, சத்திரசிகிச்சையோ அச்சத்தையும் செலவையும் ஒருங்கே தருவதாயிருக்க, இரண்டுக்கும் நடுவிலே நிற்கும் ஊசியின் மேல் ஜனங்கள் நம்பிக்கை வைப்பது இயல்பே. அந்த ஊசியும் ஒன்றாக இராமல் மூன்றாக இருப்பதுதான் சங்கடம்: ஸ்டீரொயிட் ஊசி, ஹயலுரோனிக் அமில ஊசி, நோயாளியின் சொந்த இரத்தத்திலிருந்து தயாரிக்கும் பி.ஆர்.பி. ஊசி. முதலாவது மலிவானது, மற்ற இரண்டும் விலை கூடியவை. விலை கூடியது குணமும் கூடியதாகத்தான் இருக்க வேண்டும் என்ற அனுமானத்தைப் பலர் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

தேய்வது எது?

முழங்காலிலே தொடையெலும்பும் கணைக்காலெலும்பும் சந்திக்கும் முனைகளைக் கசியிழையம் எனும் வழுவழுப்பான படலம் மூடியிருக்கிறது. வயதும் உடற்பாரமும் பழைய காயங்களும் பரம்பரையும் சேர்ந்து அதை மெலியச் செய்கின்றன. அத்துடன் அடியெலும்பும், மூட்டைச் சூழ்ந்த சவ்வும், தொடைத் தசையும் மாறுதலடைகின்றன. ஆகவே “எலும்பு தேய்ஞ்சு போச்சு” என்று நாம் சொல்வது, மூட்டு முழுவதையும் பிடித்த ஒரு வியாதியின் ஒரு பகுதியை மட்டுமே குறிக்கிறது. எக்ஸ்ரேயில் மிகத் தேய்ந்து தோன்றும் முழங்காலோடு நோவின்றி நடப்பவர்களும் உண்டு. சிறிதே தேய்ந்த முழங்காலோடு நித்திரையின்றித் தவிப்பவர்களும் உண்டு. 2020 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 59 கோடி 50 இலட்சம் பேர் மூட்டுத்தேய்வோடு வாழ்ந்ததாகச் சர்வதேச நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டது. அதிலே முழங்காலே முதலிடம் வகிக்கிறது.

வன்னியிலோ முழங்காலுக்கு ஓய்வென்பதே இல்லை. இரணைமடுவின் கீழும் முத்தையன்கட்டின் கீழும் நெல்வயலில் களை பிடுங்குவதும், முல்லைத்தீவின் மணற்றரையில் கச்சான் ஆய்வதும், அடுப்படியில் வேலை செய்வதும், மலசலகூடத்தில் இருப்பதும் எல்லாம் குந்தியே நடைபெறுகின்றன. நெடுநேரம் குந்தியிருப்பதும் முழங்கால் மடங்கியபடி பாரம் தூக்குவதும் இந்நோயோடு தொடர்புடையவை என்பதை ஆசிய நாடுகளிலும் பிற இடங்களிலும் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

மலிவான ஊசி

கோர்ட்டிசோன் என்ற இயக்குநீரைக் கொண்டு முடங்கிக் கிடந்த மூட்டுவாத நோயாளிகளை எழுந்து நடக்கச் செய்த பிலிப் ஹெஞ்ச், வேறு இருவரோடு 1950 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதற்கு அடுத்த ஆண்டே பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜோசப் ஹொலண்டர், அதன் உறவு மருந்தான ஹைட்ரோகோர்ட்டிசோனை நேரே மூட்டுக்குள் செலுத்திப் பெற்ற பலன்களை வெளியிட்டார். இன்று நமது வைத்தியசாலைகளில் போடப்படும் ட்ரையம்சினலோனும் மெதில்பிரெட்னிசலோனும் அந்தப் பரம்பரையில் வந்தவையே. மூட்டினுள்ளே எழும் அழற்சியைத் தணிப்பது இவற்றின் வேலை. சில நாட்களிலேயே நோ குறையத் தொடங்குவது இவற்றின் விசேஷம்.

ஆனால் அந்தச் சுகம் நீடிப்பதில்லை. இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டல் நிறுவனமான நைஸ், 2022 ஒக்டோபரில் வெளியிட்ட அறிவுறுத்தலிலே, இரண்டு வாரம் முதல் பத்து வாரம் வரையிலான நிவாரணத்தையே இந்த ஊசியிடம் எதிர்பார்க்கலாம் என்று நோயாளிக்கு எடுத்துரைக்கும்படி வைத்தியர்களைக் கேட்டுக்கொள்கிறது. 27 ஆய்வுகளைத் தொகுத்த 2015 ஆம் ஆண்டின் கொக்ரேன் மதிப்பீட்டிலும், ஆறு மாதத்தின் பின் பயன் இருந்தமைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. வாங்கிலே அமர்ந்திருந்த அக்கா சொன்ன “ரெண்டு மாசம்” என்ற கணக்கு, உலக ஆராய்ச்சியோடு எவ்வளவு நெருக்கமாகப் பொருந்துகிறது பாருங்கள்.

அப்படியானால் மூன்று மாதத்துக்கொரு முறை போட்டுக்கொண்டே இருக்கலாமே என்று தோன்றும். அமெரிக்காவில் 140 பேரை இரண்டாண்டுகள் அவதானித்து 2017 இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை கூறுகிறது. பாதிப்பேருக்குப் பன்னிரண்டு வாரத்துக்கொரு தடவை ட்ரையம்சினலோனும், மீதிப்பேருக்கு வெறும் உப்புநீரும் செலுத்தினார்கள். முடிவில் இரு சாராரின் நோவிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இருக்கவில்லை. ஸ்டீரொயிட் பெற்றவர்களின் கசியிழையமோ 0.21 மில்லிமீற்றர் மெலிந்திருந்தது, உப்புநீர் பெற்றவர்களுக்கு 0.10 மில்லிமீற்றரே மெலிந்திருந்தது. இடைக்கிடை ஒரு தடவை போடுவதால் இத்தகைய தீங்கு வரும் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் அதையே நிரந்தர வைத்தியமாகப் பழக்கிக்கொள்வது விவேகமாகாது.

கோழிக்கொண்டையிலிருந்து வந்த ஊசி

ஹயலுரோனிக் அமிலம் நமது மூட்டுநீரிலே இயற்கையாகவே இருக்கிறது. 1934 இல் கார்ல் மேயரும் ஜோன் பால்மரும் மாட்டுக் கண்ணின் உள்ளிருந்து இதனை முதலில் பிரித்தெடுத்தார்கள். பிற்காலத்தில் சேவற்கொண்டையிலிருந்து பெருமளவில் எடுக்க வழி பிறந்தது. மூட்டுத்தேய்வு கண்டவரின் மூட்டுநீர் நீர்த்துப்போய்விடுகிறது; ஆகவே வண்டில் அச்சுக்கு மசகு போடுவதுபோல வெளியிலிருந்து இதைச் செலுத்தினால் மூட்டு இலகுவாக இயங்கும் என்பது தத்துவம். கேட்பதற்கு மிகவும் நியாயமாகத் தோன்றும் இந்தத் தத்துவத்தின் பலத்திலே, 1997 இல் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி வழங்கியது முதல், உலகெங்கும் இதன் வியாபாரம் தழைத்திருக்கிறது.

ஆதாரமோ அந்த அளவுக்குத் தழைக்கவில்லை. 169 ஆய்வுகளையும் அவற்றில் பங்குபற்றிய 21,163 நோயாளிகளையும் கணக்கிலெடுத்து 2022 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை வெளியிட்ட ஆய்வுரை, போலி ஊசியைவிட இந்த ஊசி நூறு புள்ளி அளவுகோலிலே ஏறக்குறைய இரண்டே புள்ளி அதிகமாக நோவைக் குறைத்ததென்று கண்டது. ஒருவர் தம் நடையிலே உணரக்கூடிய மாற்றத்துக்கு அது போதாது. பாரதூரமான பக்கவிளைவுகள் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டதையும் அந்த உரை பதிவு செய்திருக்கிறது. நைஸ் நிறுவனம் இதை வழங்கவே வேண்டாம் என்கிறது. அமெரிக்க வாதநோய் வைத்தியர் சங்கத்தின் 2019 ஆம் ஆண்டு வழிகாட்டலும் முழங்காலுக்கு இதனைப் பரிந்துரைக்கவில்லை. இதைப் பெற்றுச் சுகமடைந்ததாகச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தச் சுகத்தின் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது என்பதை அடுத்துவரும் பெட்டியிலே காணலாம்.

┌───────────────
பெட்டிச் செய்தி: உப்புநீரும் சுகம் தரும்

ஊசியின் உண்மையான பலத்தை அறிய, ஒரு சாராருக்கு மருந்தையும் மறு சாராருக்கு உப்புநீரையும், யாருக்கு எது என்று எவருக்கும் தெரியாமல், செலுத்திப் பார்ப்பது ஆய்வு முறை. முழங்கால் ஆய்வுகளிலே உப்புநீர் பெற்றவர்களுக்கும் நோ கணிசமாகக் குறைகிறது. நம்பிக்கை, வைத்தியரின் கவனிப்பு, ஊசி போடும் சடங்கு ஆகியவை ஒரு காரணம். நோ உச்சத்திலிருக்கும்போதே ஒருவர் ஊசிக்கு வருகிறார், உச்சம் தானாகவும் இறங்கும் என்பது இன்னொரு காரணம். “எனக்குக் கேட்டது” என்ற அனுபவம் உண்மை. எது கேட்டது என்பதை அனுபவம் மட்டும் கொண்டு சொல்ல முடியாது.
└───────────────

சொந்த இரத்தம்

நோயாளியின் கையிலிருந்து இரத்தத்தை எடுத்து, யந்திரத்திலே வேகமாகச் சுழற்றி, குருதிச் சிறுதட்டுக்கள் செறிந்த மஞ்சள் நிறத் தெளிநீரைப் பிரித்து, அதையே முழங்காலுக்குள் செலுத்துவது பி.ஆர்.பி. சிகிச்சை. காயத்தை ஆற்றும் பல பதார்த்தங்கள் அந்தச் சிறுதட்டுக்களிலே இருப்பதால், தேய்ந்த கசியிழையமும் ஆறிவிடும் என்று எதிர்பார்க்கிறார்கள். தன் இரத்தமே தன்னைக் குணப்படுத்தும் என்ற எண்ணம் மனத்தைக் கவர்வதில் வியப்பில்லை. சிறிய ஆய்வுகள் பலவற்றிலே இது மற்ற ஊசிகளைவிடச் சாதகமான பலன் காட்டியிருப்பதும் உண்மையே. எலும்பு வைத்தியர்களிலே இதை மனமார நம்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆயினும் சிட்னியிலும் மெல்பேணிலும் 288 பேரைக் கொண்டு கவனத்துடன் நடத்தப்பட்டு 2021 இல் வெளியான ஆய்வை ஒதுக்கிவிட முடியாது. வாரத்துக்கு ஒன்றாக மூன்று ஊசிகள் போட்டு ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, பத்துப் புள்ளி அளவிலே பி.ஆர்.பி. பெற்றவர்களின் நோ 2.1 புள்ளியும், உப்புநீர் பெற்றவர்களின் நோ 1.8 புள்ளியும் குறைந்திருந்தன. கசியிழையத்திலும் வித்தியாசம் இல்லை. மேலும் ஓரிடத்தில் தயாரிக்கும் பி.ஆர்.பி.யும் இன்னோரிடத்தில் தயாரிப்பதும் ஒரே செறிவுடையவை அல்ல. எந்த அளவு இரத்தம், எத்தனை தடவை சுழற்றல், எத்தனை ஊசி என்பதிலெல்லாம் ஒருமித்த நியமம் இன்னும் உருவாகவில்லை. மேலே குறிப்பிட்ட அமெரிக்க வழிகாட்டல், முழங்காலுக்கு இதனைப் போட வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறது.

கடன்பட்டுப் போடும் ஊசி

இந்த ஒப்பீட்டை ஆய்வுக்கூடத்தோடு நிறுத்திவிடலாம், நாம் கொழும்பிலோ வெளிநாட்டிலோ வாழ்பவர்களானால். வன்னியிலே ஓர் ஊசியின் விலை வைத்தியரின் சிட்டையோடு முடிந்துவிடுவதில்லை. யுத்தத்திலே உழைக்கும் ஆண்களை இழந்த குடும்பங்களும், நுண்கடன் தவணைக்காக வாரந்தோறும் வாசலில் வந்து நிற்பவருக்குப் பதில் சொல்லும் பெண்களும் மிகுந்த பிரதேசம் இது. அப்படிப்பட்ட வீட்டிலே விலை கூடிய ஊசிக்கு மகளின் நகை அடகு வைக்கப்படுகிறது. அல்லது கிணறு திருத்துவதற்காகக் கனடாவிலுள்ள பிள்ளை அனுப்பிய பணம் ஊசிக்குத் திருப்பப்படுகிறது. அல்லது கன்றோடு நின்ற பசு விலைப்படுகிறது. மூன்று மாதத்தில் நோ திரும்பும்போது நகையும் இல்லை, பசுவும் இல்லை, அடுத்த ஊசிக்கு வழியும் இல்லை.

இதற்கு நோயாளியைக் குறை சொல்வதற்கில்லை. 2022 இன் பொருளாதார நெருக்கடியின்போது அரசாங்க வைத்தியசாலைகளிலே மருந்துத் தட்டுப்பாடு நிலவியதை எல்லோரும் பிரத்தியட்சமாகக் கண்டார்கள். இலவசமாகக் கிடைப்பது தரம் குறைந்தது என்ற சந்தேகம் அதன் பின் இன்னும் வேரூன்றிவிட்டது. நோவோடு இரண்டு பஸ் மாறி வந்த மனிதர், ஐந்து நிமிஷப் பரிசோதனையிலே எதையும் விளக்கமாகக் கேட்டறிய முடியாமல் திரும்புகிறார். அந்த வெற்றிடத்திலேதான் மச்சாளின் அனுபவமும் பாமசிக்காரரின் அபிப்பிராயமும் விளம்பரப் பலகையின் வாக்குறுதியும் வந்து அமர்ந்துகொள்கின்றன.

என் துணிபு இது: ஊசி தேவைப்படுமளவுக்கு நோ மிகுந்தவர், பெரியாஸ்பத்திரியிலே இலவசமாகக் கிடைக்கும் ஸ்டீரொயிட் ஊசியையே முதலில் நாட வேண்டும். அதன் எல்லை குறுகியது. ஆயினும் அந்த எல்லை நன்றாக அறியப்பட்டது. வசதியுள்ளவர் வைத்தியரோடு கலந்து மற்றவற்றை முயன்று பார்ப்பது அவரவர் விருப்பம். கடன்பட்டு அவற்றைப் போடும்படி எந்த ஆதாரமும் எவரையும் கேட்கவில்லை.

நோ தணிந்த பத்து வாரம்

ஊசியின் பின் வரும் அந்தச் சில வாரங்களை என்ன செய்வது? வன்னியில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: காலபோக அறுவடைக்கு முன்னதாக ஒருவர் ஊசி போட்டுக்கொள்கிறார், நோ தணிந்ததும், தை மாசி மாதங்களில், இரண்டு மடங்கு வேலை செய்கிறார். வற்றாப்பளை அம்மன் கோவில் வைகாசிப் பொங்கலுக்கு நடந்து போவதற்காக ஊசி கேட்டு வருபவர்களும் உண்டு; அவர்களது பக்தியின் முன் எனக்குத் தடைசொல்ல நா எழுவதில்லை. ஆனால் நோ எச்சரிக்காதபோது முழங்காலுக்கு மேலும் பாரம் ஏற்றப்படுகிறது.

அந்த வாரங்களைத் தொடைத் தசையைப் பலப்படுத்தச் செலவிட்டவர் நிலைமை வேறு. அமெரிக்க இராணுவ வைத்தியசாலைகளில் 156 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஸ்டீரொயிட் ஊசியும் மறு பிரிவுக்கு இயன்மருத்துவமும் கொடுத்துப் பார்த்தார்கள். 2020 இல் வெளியான அதன் முடிவின்படி, ஓராண்டின் பின் நோவையும் இயலாமையையும் அளக்கும் அளவுகோலிலே ஊசி பெற்றவர்கள் சராசரி 55.8 புள்ளியிலும், இயன்மருத்துவம் பெற்றவர்கள் 37 புள்ளியிலும் நின்றார்கள். புள்ளி குறையக் குறைய நலம். ஊசியே வேண்டாம் என்று வாதிக்க நான் இதைச் சொல்லவில்லை. நோவினால் காலை அசைக்கவே அஞ்சுபவருக்கு ஊசி ஒரு வாசலைத் திறந்துவிடும். உள்ளே நுழைந்து நடக்க வேண்டியது தேகாப்பியாசத்தின் வழியே.

அந்த அப்பியாசத்துக்கு யந்திரம் எதுவும் வேண்டாம். துவாயொன்றைச் சுருட்டி, கால் நீட்டி இருந்து, முழங்காலின் கீழே வைத்து, அதைத் தரையோடு அழுத்தி, தொடைத் தசை இறுகுவதைக் கையால் தொட்டு அறிந்து, ஐந்து எண்ணும்வரை பிடித்து விட வேண்டும். பின்னர் கதிரையில் அமர்ந்து, காலை மெல்ல நேராக நீட்டி, அவ்வாறே பிடித்து இறக்க வேண்டும். கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழுந்து அமரப் பழகுவது மூன்றாவது. இவற்றோடு உடற்பாரத்தையும் கவனிக்க வேண்டும்: ஒரு கிலோ எடை குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறதென்று அளந்து கண்டிருக்கிறார்கள். களை பிடுங்கும்போது ஒரு சிறு பலகைக் கட்டையில் அமர்ந்துகொள்வதும், மலசலகூடத்துக்கு நடுவில் துளையிட்ட கதிரையொன்றைத் தச்சரைக் கொண்டு செய்வித்துக்கொள்வதும், விலை கூடிய ஊசி ஒன்றின் செலவில் சிறு பங்குக்குள் அடங்கும். பரியாரியாரின் எண்ணெயும் ஒத்தணமும் ஆறுதல் தருமானால், அவையும் இருக்கட்டும்.

┌───────────────
பெட்டிச் செய்தி: ஊசிக்கு முன்னும் பின்னும்

சீனி வருத்தம் உள்ளவர் ஸ்டீரொயிட் ஊசிக்கு முன் வைத்தியரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஊசியின் பின் சில நாட்களுக்கு இரத்தத்தில் சீனி உயரும். இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவரும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். உடம்பில் எங்காவது கிருமித்தொற்றோ காய்ச்சலோ இருக்கும்போது மூட்டு ஊசி போடலாகாது. மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தவர், அதற்கு முந்திய மூன்று மாதங்களில் இந்த ஊசியைத் தவிர்ப்பது வழக்கம். போட்டபின் ஓரிரு நாள் சற்று நோ கூடலாம். அந்த நாட்களில் கடும் வேலை வேண்டாம். முழங்கால் சிவந்து, சூடேறி, வீங்கி, காய்ச்சலும் வந்தால், கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.
└───────────────

யுத்தம் விட்டுச்சென்ற மூட்டுகள்

வன்னிக்கே உரிய ஒரு விஷயம் இன்னும் இருக்கிறது. 2009 மே மாதத்திலே யுத்தம் ஓய்ந்தபோது நாற்பது வயதாயிருந்தவர் இன்று ஐம்பதின் பிற்பகுதியைக் கடந்துகொண்டிருக்கிறார். முழங்காலில் ஒரு முறை பலத்த காயம் பட்டவருக்கு மூட்டுத்தேய்வு வரும் சாத்தியம் பல மடங்கு. அதுவும் பத்து, இருபது ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். ஆகவே அன்று செல் துண்டு பாய்ந்து ஆறிய மூட்டுகள், இந்த ஆண்டுகளிலேதான் மறுபடியும் கிளினிக்கைத் தேடி வரும். உடம்பிலே இன்னும் உலோகத் துண்டு இருப்பவர், எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் அதைத் தயங்காமல் தெரிவிக்க வேண்டும். அந்த யந்திரத்தின் காந்தம் சில உலோகங்களை இழுக்க வல்லது.

ஒரு காலை இழந்தவர்களின் நிலை இன்னும் கவனத்துக்குரியது. பொய்க்காலோடு நடப்பவர் தம்மையறியாமலே நல்ல காலின் மேல் அதிக பாரத்தைப் போடுகிறார். அந்தக் காலின் முழங்கால் மற்றவர்களுடையதைவிடச் சீக்கிரம் நோய்ப்படுவதை வேறு நாடுகளின் யுத்த வீரர்களிடையே செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவருக்கு மாற்றுக் காலென்று ஒன்றில்லை. பொய்க்காலின் பொருத்தம் சரியில்லாதபோது நல்ல முழங்காலுக்கு எந்த ஊசியைப் போட்டும் பலன் நிலைக்காது. யாழ்ப்பாணத்திலுள்ள ஜெய்ப்பூர் நிலையத்திலோ மாங்குளம் ஆதார வைத்தியசாலையின் புனர்வாழ்வுப் பிரிவிலோ பொய்க்காலைச் சரிபார்த்த பின்னரே ஊசியைப் பற்றி யோசிப்பது முறை.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களுக்கும் அவசரமாக வேண்டியவர்கள் இயன்மருத்துவர்கள்: கிளினிக்கில் மட்டும் அல்ல, முள்ளியவளைக்கும் துணுக்காய்க்கும் நெடுங்கேணிக்கும் மாதத்துக்கு இருமுறையாவது வந்து, துவாயைச் சுருட்டி வைத்துத் தசை இறுகுகிறதா என்று தொட்டுப் பார்க்கக்கூடியவர்கள். இலவச ஊசி போடும் அதே நாளிலே, அதே கிளினிக்கில், அவர்களில் ஒருவரின் பெயரையும் திகதியையும் நோயாளியின் கொப்பியிலே எழுதிக் கொடுக்கும் ஏற்பாட்டை மாகாண சுகாதாரத் திணைக்களம் செய்ய முடியும். அதற்குப் புதிய மருந்தோ வெளிநாட்டு யந்திரமோ தேவையில்லை. அந்த ஏற்பாடு வரும்வரை, ஊசி அறையிலிருந்து வெளியே வரும் ஒவ்வொருவரும் “எனக்கு இயன்மருத்துவத்துக்கும் ஒரு துண்டு எழுதித் தாங்கோ, டொக்டர்” என்று கேட்டு வாங்கிக்கொண்டு வருவதுதான் வழி.